போலந்துச் சம்பந்தி வருகிறார்கள், 24ஆம் திகதி இரவு என்ன சமைக்கலாம்?

கேள்வி: வெள்ளவத்தை மாமி

எல்லோருக்கும் வணக்கம். என் மகன் ஆறு வருடமாகப் போலந்தில் இருக்கிறான். போன வைகாசியில் அங்கேயே ஒரு போலந்துப் பிள்ளையைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். பிள்ளை தங்கமான பிள்ளை, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. டிசம்பர் 20ஆம் திகதி அவளுடைய தாயும் தகப்பனும் முதல் தடவையாகக் கொழும்புக்கு வருகிறார்கள். இரண்டு கிழமை எங்கள் பிளாட்டில்தான் தங்கல். ஹோட்டலில் விடலாம் என்று மகன் சொன்னான். சம்பந்தியை ஹோட்டலில் விட்டால் நாலு சனம் என்ன கதைக்கும்?

என் பிரச்சினை சாப்பாடு. எனக்குத் தெரிந்த வெள்ளைக்காரச் சமையல் கட்லட்டும் கஸ்டட் புடிங்கும்தான். மகனைக் கேட்டால், “அம்மா, அவை எதுவும் சாப்பிடுவினம், நீங்கள் டென்ஷன் ஆகாதேங்கோ” என்கிறான். அவன் எதற்கும் அப்படித்தான் சொல்வான்.

24ஆம் திகதி, கிறிஸ்மஸுக்கு முதல் நாள் இரவு, அவர்களுக்குப் பெரிய நாளாம், அன்றைக்கு இறைச்சி தொடமாட்டார்களாம். எனக்கும் அந்த நாட்களில் திருவெம்பாவை, குசினியில் மச்சம் இல்லை. அது பொருந்தி வருகிறது என்று ஒரு நிம்மதி. ஆனால் என்ன வைப்பது? உறைப்பு தாங்குவார்களா? செய்யக்கூடாதது ஏதாவது இருக்கிறதா? அங்கே இருந்து வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பதில்: தெஹிவளை வாசி

அன்ரி, நான் ஏழு வருடம் வூச் என்ற நகரத்தில் இருந்தேன். எழுத்தைப் பார்த்தால் லொட்ஸ் என்றுதான் வாசிப்போம். ரயில் நிலையத்தில் லொட்ஸுக்கு டிக்கட் கேட்டுப் பாருங்கள், அந்தப் பெண் உங்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். துணி ஆலைகளால் வளர்ந்த ஊர். எனக்கு வேலை ஒரு பொருட்கிடங்கில், தங்கியது ஒரு பாட்டியம்மாவின் மேல் அறையில். பாட்டியை அங்கே பாப்ச்சா என்பார்கள். அந்த பாப்ச்சா கற்றுத் தந்ததைத்தான் கீழே எழுதுகிறேன், புத்தக அறிவு இல்லை.

உறைப்பைப் பற்றி யோசிக்காதீர்கள். மிளகு அவர்களுக்குப் பழக்கம். ஈஸ்டருக்கு ஒரு காட்டு முள்ளங்கியைத் துருவிச் சாப்பிடுவார்கள், மூக்கு வழியாகப் புகை வரும். செத்தல் மிளகாயை மட்டும் குறையுங்கள், போதும். நீங்கள் யோசிக்க வேண்டியது நேரத்தை. அவர்களுடைய பெரிய சாப்பாடு பிற்பகல் இரண்டுக்கும் நாலுக்கும் நடுவில். ஓபியாத் என்பார்கள். இரவுக்குப் பாண், வெண்ணெய், தக்காளி, ஏதாவது குளிர்ந்தது. நீங்கள் இரவு எட்டரைக்குப் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தால், மரியாதைக்குச் சாப்பிட்டுவிட்டு விடியும்வரை நித்திரையில்லாமல் புரளுவார்கள்.

ஓபியாத்தில் முதலில் சூப் வரவேண்டும். சூப் இல்லாத சாப்பாடு பாப்ச்சாவின் கணக்கில் சாப்பாடே இல்லை. நீங்கள் தனியாக எதுவும் கற்க வேண்டாம், மிளகு ரசத்தைக் கோப்பையில் ஊற்றி முதலில் கொடுங்கள். அவர்களுடைய பார்ஷ்ச் என்ற பீட்ரூட் சூப்பும் கிட்டத்தட்ட அதுதான்: தெளிந்த நீர், புளிப்பு, உள்ளி, மிளகு. புளிக்குப் பதிலாக பீட்ரூட்டை உப்புத் தண்ணீரில் சில நாள் புளிக்க வைப்பார்கள். ஜூரெக் என்று இன்னொன்று, கம்பு போன்ற ஒரு தானிய மாவைக் கரைத்துப் புளிக்கவிட்டுக் காய்ச்சுவது. நாங்கள் அப்பத்துக்கு மாவைப் புளிக்க வைக்கிறோம், அவர்கள் சூப்புக்கு. குளிர்நாட்டுக்காரருக்கு இனிப்பும் வெண்ணெயும்தான் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். புளிப்பில் எங்களை வெல்வார்கள்.

சோற்றைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அவிந்த சோற்றில் அப்பிள், கறுவா, சீனி போட்டுச் சாப்பிடும் பழக்கம் அங்கே உண்டு. மத்தியானச் சாப்பாடாக! முதல் தடவை பாப்ச்சா அதை என் முன்னால் வைத்தபோது கறி எங்கே என்று தேடினேன். சம்பந்தியம்மா உங்கள் சம்பாச் சோற்றில் சீனி கேட்டால் முகத்தைச் சுளிக்காதீர்கள்.

இனிச் செய்யக்கூடாதவை. விமான நிலையத்துக்கு மாலை கொண்டுபோவீர்கள் என்று தெரியும். செவ்வந்தி வேண்டவே வேண்டாம். அது அங்கே கல்லறைப் பூ. நவம்பர் 1ஆம் திகதி ஊரே மெழுகுவர்த்தியும் செவ்வந்தியுமாகச் சேமக்காலைக்குப் போகும். மல்லிகை என்றால் நல்லது. தனிப் பூக்கள் கொடுத்தால் ஒற்றைப்படையில் கொடுங்கள், இரட்டை செத்தவீட்டுக்கு. வாசற்படியின் இரண்டு பக்கமும் நின்று கை குலுக்கமாட்டார்கள், கூடாதாம். உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை, படியில் நின்று காசு கொடுத்தாலே என் அம்மா ஏசுவா. சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார்கள், ஆனால் வெறுங்காலோடு நிற்கமாட்டார்கள். இரண்டு சோடி ரப்பர் செருப்பு வாங்கி வையுங்கள். முழு இரவும் மின்விசிறி சுழன்றால் கழுத்துப் பிடிக்கும், சளி பிடிக்கும் என்று பயப்படுவார்கள். அணைத்துவிட்டு வியர்த்துக் கிடப்பார்கள். நீங்கள் தலையிடாதீர்கள், மூன்றாம் நாள் தாங்களே போடுவார்கள்.

முக்கியமானது தேத்தண்ணீர். தில்மா அங்கே சுப்பர்மார்க்கட் முழுக்க இருக்கிறது, சிலோன் டீ என்றால் நல்ல மரியாதை. ஆனால் குடிப்பது பிளேன் டீ, தேசிக்காய்த் துண்டு போட்டு. பால் விட்ட தேத்தண்ணீருக்குத் தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள், பவார்க்கா என்று. பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுரக்கக் கொடுப்பது அது! நீங்கள் முதல் நாளே மருமகளுக்கு ஆசையாகப் பால் தேத்தண்ணீர் நீட்டி, அவளும் வாங்கிக் குடித்தால், பெற்றவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். அப்புறம் நீங்கள்தான் விளக்கம் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. நீங்கள் ஏதாவது நீட்டும்போது அவர்கள் “ஜென்குயே” என்றால் நன்றி என்று அர்த்தம், ஆனால் அந்த இடத்தில் அது “வேண்டாம்” என்பதற்குச் சமம். அது தெரியாமல் முதல் கிழமை நானும் மரியாதையாக ஜென்குயே, ஜென்குயே என்று சொல்லிக்கொண்டு பசியோடு கிடந்தேன். எங்கள் “காணும்” மாதிரித்தான் அதுவும். அதை யாரும் நம்புவதில்லை, பாப்ச்சாவும் இரண்டாம் கிழமையிலிருந்து நம்பவில்லை. விருந்தாளி வந்தால் கடவுள் வந்த மாதிரி என்று பழமொழியே வைத்திருக்கிறார்கள். நீங்களும் சம்பந்தியம்மாவும் ஒருவருக்கொருவர் தட்டில் போடத் தொடங்கினால் நடுவில் இருக்கும் பிள்ளைகள் பாவம்.

பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம், அவவை “பானி” என்றும் அவரை “பான்” என்றும் சொல்லுங்கள். முன்னால் இருப்பவரையே “பானி தேத்தண்ணீர் குடிப்பாவா?” என்று படர்க்கையில் கேட்பதுதான் அங்கே மரியாதை. எங்கள் ஊரிலும் “மாஸ்டர் எங்கே வெளிக்கிட்டார்?” என்று மாஸ்டரிடமே கேட்பதில்லையா?

24ஆம் திகதிக்கு வருகிறேன். அந்த இரவுக்கு விகீலியா என்று பெயர். பன்னிரண்டு அப்போஸ்தலர்களுக்காகப் பன்னிரண்டு வகை உணவு. மேசை விரிப்புக்குக் கீழே கொஞ்சம் வைக்கோல். முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் உட்காருவார்கள். வார்சாவில் அன்றைக்குப் பின்னேரம் மூன்றரைக்கே பொழுது பட்டுவிடும், இங்கே ஆறு மணி தாண்ட வேண்டும், பசியைக் கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள். ஒரு தட்டும் கதிரையும் கூடுதலாக வைப்பார்கள். எதிர்பாராமல் வரும் விருந்தாளிக்கு என்பார்கள், செத்துப்போனவர்களை நினைத்து என்றும் சொல்வார்கள். அதை மட்டும் மறக்காதீர்கள், மற்ற எது குறைந்தாலும் பரவாயில்லை.

ஒரு சிக்கல், அன்ரி. இறைச்சி இல்லை என்றால் மீன் இல்லை என்று அர்த்தமில்லை. கெண்டை மீன்தான் அந்த இரவின் ராசா. முன்பெல்லாம் உயிரோடு வாங்கிவந்து குளியல் தொட்டியில் இரண்டு நாள் நீந்தவிடுவார்கள். அதன் செதிலைப் பர்சில் வைத்தால் காசு தங்குமாம். எங்களுக்கு மச்சம் என்றாலே மீன், அவர்களுக்கு மீன் மச்சமில்லை! ஆனால் நீங்கள் விரதம் என்று சொல்லுங்கள். விரதம் என்ற சொல்லுக்கு அங்கே மதிப்பு இருக்கிறது.

நீங்கள் ஒன்றே ஒன்றை அவர்கள் முறைப்படி செய்ய விரும்பினால் பியெரோகி செய்யுங்கள். பார்த்தவுடன் சிரிப்பீர்கள், எங்கள் கொழுக்கட்டையேதான். அதே அரைவட்டம், அதே விளிம்பு. கோதுமை மாவில் உப்புப் போட்டு, சுடுதண்ணீர் விட்டுக் குழைத்து, அரை மணித்தியாலம் ஈரத்துணியால் மூடி வையுங்கள். மெல்லிசாக உருட்டி, கிளாஸ் வாயால் வட்டம் வெட்டி, ஒரு தேக்கரண்டி உள்ளீடு வைத்து மடியுங்கள். விளிம்பில் உள்ளீடு பட்டால் ஒட்டாது, தண்ணீரில் வாய் பிளக்கும். பாப்ச்சா பெருவிரலால் அமுக்கி அமுக்கிப் போவா, ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஒரு சின்ன மடிப்பு விழும். பல்லுக் கொழுக்கட்டை பிடித்த கைக்கு இது பெரிய வேலையில்லை. ஆவியில் வைக்க வேண்டாம், கொதிக்கும் உப்புத் தண்ணீரில் போடுங்கள். மிதந்து இரண்டு நிமிடத்தில் எடுத்து, வெண்ணெயில் வதக்கிய வெங்காயத்தைக் கொட்டுங்கள்.

அந்த இரவுக்கு உள்ளீடு புளித்த முட்டைக்கோவாவும் காளானும். கோவாவைக் கடையில் தேடாமல் நீங்களே போடலாம். மெல்லிசாக அரிந்து, ஒரு கிலோவுக்கு 20 கிராம் உப்புப் போட்டுத் தண்ணீர் விடும்வரை பிசைந்து, போத்தலில் இறுக்கி அமுக்குங்கள். கோவா தண்ணீருக்குக் கீழேயே இருக்கவேண்டும், வினாகிரி சேர்க்கக்கூடாது. அங்கே கிழமைக்கணக்கில் எடுக்கும், கொழும்பு வெக்கைக்கு ஐந்தாறு நாளில் புளித்துவிடும். தினமும் மூடியைக் கொஞ்சம் தளர்த்தி மூடுங்கள், இல்லாவிட்டால் குசினிச் சுவரைக் கழுவ நேரும். நான் கழுவியிருக்கிறேன்.

பதில்: கொட்டாஞ்சேனை அக்கா

தம்பி நல்லாகச் சொல்லியிருக்கிறார், ஒன்றை விட்டுவிட்டார். சாப்பிட முன்னால் ஒப்வாத்தெக் என்று ஒரு மெல்லிய அப்பம் பகிர்வார்கள். எங்கள் கோவிலில் நற்கருணைக்கு வருவது போன்றது, ஆனால் மந்திரிக்காதது, மேலே படம் அச்சடித்திருக்கும். ஆளுக்கொன்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஒருவர் மற்றவருடையதில் ஒரு துண்டு முறித்து வாழ்த்துச் சொல்ல வேண்டும். சைவக்காரர் என்று நீங்கள் ஒதுங்கி நிற்க வேண்டாம், அது பூசையில்லை. அவர்களே கொண்டு வருவார்கள்.

நடுச்சாமப் பூசைக்குக் கட்டாயம் கேட்பார்கள். எங்கள் புனித லூசியா பேராலயத்துக்குக் கூட்டிவாருங்கள். இன்னொரு விஷயம், கதை தொடங்க உதவும்: இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் பாப்பரசர் போலந்துக்காரர். 1995 ஜனவரியில் கொழும்புக்கு வந்து காலிமுகத்திடலில் யோசவ் வாஸ் அடிகளாரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். நான் அன்றைக்கு வெயிலில் நின்றேன், ஒரு வெள்ளைப் புள்ளியைப் பார்த்தேன், அவ்வளவுதான். அந்தப் பாப்பரசர் 1999இல் பிறந்த ஊருக்குப் போனபோது, பள்ளிக்கூடக் காலத்தில் தின்ற கிரீம் கேக்கைப் பற்றிக் கதைத்தாராம். அதற்குப் பிறகு அந்த ஊரில் அந்தக் கேக்குக்கு பாப்பரசரின் பெயர்!

பதில்: ஊர்சுற்றி

நான் சுற்றுலா வழிகாட்டி. போலந்துக்காரர் எத்தனையோ பேரைக் கூட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன். எனக்கு இந்த இழை முழுக்கப் பிழையாகப் படுகிறது. அந்தச் சனம் பத்து மணித்தியாலத்துக்கு மேல் பறந்து வருவது கொழும்பில் பியெரோகி தின்னவா? இடியப்பமும் சொதியும் கொடுங்கள். செவ்விளநீர் வெட்டிக் கொடுங்கள். கொத்துரொட்டி அடிக்கிற சத்தத்தைக் கேட்டால் வீடியோ எடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தைக் கடைகளுக்குக் கூட்டிப்போங்கள், அதுவே அவர்களுக்குப் புதினம். 2018இல் அங்கே ஒரு சட்டம் வந்தது, இப்போது அனேகமான ஞாயிறுகளில் பெரிய கடைகள் பூட்டு. விருந்தாளியின் சாப்பாட்டை விருந்தாளிக்கே சமைத்துப் போட்டு, அது சரியில்லை என்று முகம் பார்க்கிற வேலை எதற்கு?

பதில்: தெஹிவளை வாசி

அண்ணை, பதினான்கு நாளில் பதின்மூன்று நாள் நீங்கள் சொல்வதுதான் சரி. அந்த ஒரு இரவு வேறு. எங்கள் சனம் கனடாவில் பனிக்குள் நின்று பொங்குகிறது, அது பாஸ்டா கிடைக்காமல் இல்லை.

பதில்: வெள்ளவத்தை மாமி

பிள்ளைகளே, பிந்தி எழுதுகிறேன், மன்னிக்கவும். அவர்கள் போய் ஒரு கிழமையாகிறது.

மல்லிகை மாலைதான் கொண்டுபோனேன். கோவாப் போத்தல் நாலாம் நாளே “டப்” என்றது, சுவரைக் கழுவினோம். ரசத்தைக் கோப்பையில் கொடுத்தேன், சம்பந்தி மூன்று கோப்பை குடித்தார். மற்றபடி ஊர்சுற்றித் தம்பி சொன்னதும் பிழையில்லை. காலையில் இடியப்பத்தை ஒவ்வொரு நூலாகப் பிரித்துப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டார்கள். தெஹிவளைத் தம்பி, மின்விசிறி மூன்றாம் நாள் இல்லை, இரண்டாம் இரவே போட்டுவிட்டார்கள்.

24ஆம் திகதி பின்னேரம் நானும் பானியும் குசினியில் உட்கார்ந்து பியெரோகி மடித்தோம். எனக்கு அவவின் மொழி தெரியாது, அவவுக்கு என் மொழி தெரியாது, மருமகள் நடுவில் இருந்து ஆங்கிலத்தில் இழுத்துக்கொண்டிருந்தாள். நான் மடித்த முதல் ஒன்றை அவ வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா. பிறகு தான் மடித்ததைத் தள்ளி வைத்துவிட்டு, என்னுடைய மடிப்பைப் போல மடிக்கத் தொடங்கினா. அதற்குமேல் எனக்கு ஒரு சான்றிதழும் வேண்டாம்.

மடிக்கும்போது, கோதுமை மா இப்போது தாராளமாகக் கிடைக்கிறது, 2022இல் சமையல் காஸுக்கு விடிய விடிய வரிசையில் நின்றோம் என்று சும்மா சொன்னேன். மருமகள் மொழிபெயர்த்து முடிக்கவில்லை, பானி மாவுக் கையோடு எழும்பிவிட்டா. அவவின் சின்ன வயதில் அங்கேயும் கூப்பனாம். 1976இல் சீனிக்கு வந்ததாம், 1981இல் இறைச்சிக்கு, 1989வரை அந்தக் கூப்பன் இருந்ததாம். என்ன விற்கிறார்கள் என்று தெரியாமலே வரிசையில் போய் நிற்பார்களாம், கிடைப்பதை வாங்கிக்கொள்ளலாம் என்று. எழுபதுகளில் பாண் கியூவில் என்னை அனுப்பிய என் அம்மாவும் அப்படித்தான் சொல்லியனுப்புவா, “முதலில் போய் நில், என்ன என்று பிறகு பார்ப்போம்.” கழிவறைத் தாள் கிடைத்த நாளில் உருளைகளை நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவார்களாம். அதை நடித்துக் காட்ட, விமான நிலையத்தில் நான் போட்ட அதே மாலையை, வாடிப்போய்க் கதவுக் கைப்பிடியில் தொங்கியதை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு குசினிக்குள் நடந்தா. சிரித்த சிரிப்பில் ஒரு தட்டுப் பியெரோகி காய்ந்துபோய்விட்டது.

அன்றைக்கென்று மேகம். ஆறே முக்கால் ஆகியும் நட்சத்திரம் இல்லை. எல்லோருக்கும் பசி. கடைசியில் மகன் பல்கனியில் நின்று, கடலில் நங்கூரம் போட்டிருந்த கப்பல் வெளிச்சத்தைக் காட்டி இதுதான் என்றான். பான் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அவருக்கும் தெரியும்.

வெறும் தட்டு வைத்தேன். ஒருவரும் வரவில்லை. இரவு அதைக் கழுவி வைக்க எனக்கு மனமில்லை. காலையில் அதிலேயே கொஞ்சம் சோறு வைத்து, நாங்கள் விரத நாளில் காகத்துக்கு வைப்பது போலப் பல்கனிச் சுவரில் வைத்தேன். எங்களுக்குச் செத்தவர்கள் அப்படித்தான் வருவார்கள் என்று மருமகள் தகப்பனுக்குச் சொன்னாள். காகம் வந்து தின்னும்வரை அந்த மனுசன் அசையவில்லை. அடுத்த நாளிலிருந்து அது அவருடைய வேலையாகிவிட்டது. தினமும் பத்து மணிக்குத் தன் பாணில் பாதியை வெண்ணெய் பூசிக் கொண்டுபோய் வைப்பார்.

இப்போது அவர்கள் வார்சாவில், காகம் இங்கே. சரியாகப் பத்து மணிக்கு வந்து கத்துகிறது. இடியப்பம் வைத்துப் பார்த்தேன், கொத்திவிட்டுத் தள்ளிவிடுகிறது. வெண்ணெய் என்ன விலை விற்கிறது, இதை எப்படி மறக்கப் பண்ணுவது என்று யாராவது சொல்லுங்கள்.